"சர்வாதிகாரி வந்தால் லைன் இருக்காது" என்கிறான் மகன். அப்படிப்பட்ட நாடுகளில் வீட்டுச் சீவியம் எப்படி இருந்தது?

உவர்மலை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் ஏ.எல். கலைப்பிரிவில் படிக்கிறான், வரலாறும் ஒரு பாடம். போன கிழமை இரவு இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான், "எங்கட நாட்டுக்கு ஒரு சர்வாதிகாரி வரவேணும் அம்மா, ஒருத்தன் சொல்ல மிச்ச ஆக்கள் வாயைப் பொத்திக்கொண்டு செய்தால்தான் நாடு உருப்படும், அப்ப லைன் ஒண்டும் இருக்காது." டிக்டொக்கில் யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறான் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால் அவனை முழுக்கப் பிழை சொல்லவும் மனம் வரவில்லை. இலங்கையில் எரிபொருள் இல்லாமல் போன 2022 இல் அவனுக்குப் பதின்மூன்று வயது. அவனுடைய அப்பா ஓட்டோ ஓடுகிறவர், பெற்றோலுக்காக இரண்டு இரவு ஓட்டோவுக்குள்ளேயே முடங்கிப் படுத்தார். நானும் மகனும் மண்ணெண்ணெய்க் கானோடு விடிய மூன்று மணிக்குப் போனால், எங்களுக்கு முன்னால் வந்தவர்களின் கான்கள் கயிற்றில் கோத்தபடி வளைவு வரைக்கும் கிடக்கும். எங்கள் திருகோணமலையின் சீனன்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிய அவ்வளவு எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில், ஐந்து லீற்றருக்குக் காத்துக்கிடந்த பிள்ளை அவன்.

அவனோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பதில் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. அவனுடைய பாடக் குறிப்புகளில் ஹிட்லர், முசோலினி, ஸ்டாலின் எல்லாரும் இருக்கிறார்கள், எந்த ஆண்டு வந்தார்கள், எந்த ஆண்டு போனார்கள் என்று. சனம் எப்படி இருந்தது என்று ஒரு வரி இல்லை. எனக்கு வேண்டியது அதுதான். அடுப்பில் என்ன வெந்தது, கடையில் என்ன கிடைத்தது, தாய்மார் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுத்தார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள், சிரித்தார்களா. தெரிந்தவர்கள் எழுதுங்கள், எவ்வளவு நீளமாக இருந்தாலும் வாசிப்பேன்.

பழைய கப்பல்காரன்:

தங்கச்சி, நான் படித்ததைச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். 1986 மாசி மாதம், ருமேனியாவின் கொன்ஸ்தான்சா துறைமுகம், கருங்கடல் கரை. நான் அப்போது கிரேக்கக் கம்பனிக் கப்பல் ஒன்றில் எஞ்சின் பகுதியில் வேலை. உரம் ஏற்றப் போய்ப் பதினொரு நாள் நின்றோம். ஐரோப்பா என்றால் வெளிச்சம் என்று நினைத்துப் போனவன் நான், அங்கே மாலை ஆறு மணிக்கு ஊர் இருண்டு கிடந்தது, தெருவிளக்கு ஒன்று எரிந்தால் அடுத்த இரண்டு எரியாது. கடைக் கண்ணாடிக்குள் ஒரே மாதிரிப் போத்தல்கள் அடுக்கியிருக்கும், பார்க்கத்தான், உள்ளே சாமான் இல்லை. ஒரு வரிசையில் நின்ற மனிசியிடம் சைகையால் என்ன விற்கிறார்கள் என்று கேட்டேன், தோளைக் குலுக்கினா. என்ன வரப்போகிறது என்று தெரியாமலே சனம் நின்றது. வரிசை என்றால் ஏதோ வரும், அவ்வளவுதான்.

சிரித்தார்களா என்று கேட்டீர்கள். சிரித்தார்கள், மெதுவாக. நல்ல இறைச்சி எல்லாம் கப்பலேறிப் போய்விட, கடைக்கு வருவது பன்றியின் கால் குளம்பு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "அடிடாஸ்". கோப்பிக்குப் பதிலாகத் தானியத்தை வறுத்துக் கலந்த ஒரு தூள் விற்றார்கள், குதிரை கனைப்பதைச் சொல்லும் சொல்லிலிருந்து அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், குடித்தால் கனைப்பீர்கள் என்ற மாதிரி. கென்ட் சிகரெட் பக்கெட் ஒன்று இருந்தால் காசை விடப் பெறுமதி, டொக்டருக்கும் அதுதான், இறைச்சிக் கடைக்காரனுக்கும் அதுதான், அதனால் யாரும் அதை உடைத்துப் புகைக்க மாட்டார்கள், கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

இனி முக்கியமான ஆள். எங்கள் கப்பலில் மூட்டைக் கணக்கு எழுத ஒரு கிளார்க் வருவார், ஐம்பது வயது இருக்கும், இடது கையில் இரண்டு விரல் இல்லை. குளிருக்காக எஞ்சின் றூமுக்கு இறங்கி வருவார். நீராவிக் குழாயில் சுற்றியிருந்த துணிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்பார், ஒரு சொல் பேச மாட்டார். ஊமையோ என்று நினைத்தேன். நான்காம் நாள்தான் விளங்கியது, ஜெனரேட்டர் ஓடுகிற பக்கம் வந்து, என் காதுக்குள் வாயை வைத்து, உடைந்த இங்கிலிஷில் கதைத்தார். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது. வெளிநாட்டுக்காரனோடு கதைத்தால் இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் போய் அறிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வீட்டில் சூடு இல்லை, மகள் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள், சமைக்கக் காஸ் நடுச்சாமத்துக்குப் பிறகுதான் கொஞ்சம் ஏறி வரும், மனைவி அலாரம் வைத்து எழும்பி நாளைய சாப்பாட்டைச் சமைக்கிறாள் என்றார்.

நான் ஆறுதலுக்கு எங்கள் நாட்டுக் கதையைச் சொன்னேன். எங்கள் ஊரே எரிந்துகொண்டிருந்த காலம் அது, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஆட்சியாளரை வாய்க்கு வந்தபடி ஏசினேன், கொஞ்சம் சத்தமாகத்தான். அந்த மனிசன் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார், அந்த மூன்று விரல் கையால். நான் ஏசியது என் நாட்டுத் தலைவரை, அவருடைய நாட்டுத் தலைவரை இல்லை! ஆனாலும் அவருடைய கை நடுங்கியது இன்னும் என் உதட்டில் இருக்கிறது. மகனுக்கு இதைச் சொல்லுங்கள் தங்கச்சி.

பாலையூற்று ரீச்சர்:

கப்பல்கார ஐயா சொன்னதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது பிள்ளை, அதை மகன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நமக்கும் கடன்தானே பிரச்சினை. ருமேனியாவின் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1965 இல் பதவிக்கு வந்தவர். பெரிய பெரிய தொழிற்சாலை கட்ட மேற்கு நாடுகளிடம் வாங்கிய கடன் 1980களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 10 பில்லியன் டொலருக்கு வந்துவிட்டது. முழுவதையும் சீக்கிரம் கட்டித் தீர்ப்பது என்று முடிவானது, யாரையும் கேட்கவில்லை. விளைந்ததில் நல்லதெல்லாம் ஏற்றுமதிக்குப் போனது, சனத்துக்குப் பாணும் எண்ணெயும் சீனியும் பங்கீட்டு அட்டைக்கு. 1981 இல் ஒரு கட்டளை வந்தது, ஒரு மாதத் தேவைக்கு மேல் எண்ணெய், சீனி, மா, அரிசி வீட்டில் சேர்த்து வைத்தால் சிறை. நினைத்துப் பாருங்கள், 2022 இல் நாம் எல்லாரும் செய்தது அதுதானே, கிடைக்கிற நேரம் இரண்டு பக்கெட் பருப்பைக் கூட வாங்கி அலுமாரிக்குக் கீழே தள்ளியது.

1983 இல் தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர் எல்லாம் பொலிசில் பதிய வேண்டும் என்றார்கள், அதன் எழுத்து மாதிரியையும் கொடுக்க வேண்டும், துண்டுப் பிரசுரம் வந்தால் எந்த மெஷின் என்று பிடிக்கலாம். தொலைக்காட்சி வார நாட்களில் இரண்டு மணித்தியாலம், அதிலும் பாதி தலைவரும் மனைவியும். தெற்கே இருந்தவர்கள் அன்ரனாவை பல்கேரியா பக்கம் திருப்பி வைத்து, படம் பார்ப்பதற்காகவே பல்கேரிய மொழி படித்தார்கள்.

பெண் என்ற முறையில் என்னால் தாங்க முடியாதது வேறு. 1966 இல் கருக்கலைப்பைத் தடை செய்தார்கள், நாட்டுக்குச் சனத்தொகை வேண்டுமாம். கருத்தடை மாத்திரையும் கிடைக்காது. பிறகு தொழிற்சாலைகளில் பெண்களை வரிசையாக நிறுத்தி வைத்திய சோதனை செய்து, யார் கர்ப்பம் என்று எழுதிக்கொண்டு போனார்கள், அந்தக் கர்ப்பம் பிள்ளையாகப் பிறக்கிறதா என்று பார்க்க. களவாகக் கலைக்கப் போய் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள். அரிசிப் பானையிலிருந்து கருப்பை வரை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

1989 ஏப்ரலில் கடன் முடிந்தது என்று அறிவித்தார்கள். கடன் முடிந்தும் கடையில் சாமான் வரவில்லை. அந்த டிசெம்பரில் தீமிசோரா நகரத்தில் சனம் தெருவுக்கு வந்தது, 21 ஆம் திகதி தலைநகர் புக்கரெஸ்டில் அவர் பேசிக்கொண்டிருந்தபோதே கூட்டம் கூச்சல் போட்டது, 25 ஆம் திகதி அவரையும் மனைவியையும் சுட்டுவிட்டார்கள்.

இன்னொன்று. நம் ஊரில் 1970களில் பாணுக்கு விடியற்காலை வரிசை நின்றவள் நான். அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக விடாமல் வழியில் மறித்துப் பறித்தார்கள், மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு. ஆனால் 1977 தேர்தலில் அந்த ஆட்சிக் கட்சிக்கு 168 ஆசனத்தில் கிடைத்தது எட்டே எட்டு. வரிசையில் நின்ற எங்கள் அம்மா அன்றைக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு வாக்குப் போடப் போனது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்கள் தமிழருக்கு என்ன செய்தார்கள் என்பது வேறு கதை, பெரிய கதை, இங்கே தொடங்கினால் முடியாது.

நிலாவெளிக்காரன்:

எல்லாரும் ஒரு பக்கத்தையே சொல்கிறீர்கள். கிழக்கு ஜெர்மனியில் வேலை இல்லாதவன் என்று ஒருவன் இல்லை, வீட்டு வாடகை மலிவு, வேலைக்குப் போகிற தாய்மாருக்குப் பிள்ளை பார்க்கிற இடம் அரசாங்கமே நடத்தியது. இங்கே பட்டம் முடித்தவன் வேலை கேட்டு வீதியில் குந்தியிருக்கிறான். அந்தத் தம்பி சொன்னதில் என்ன பிழை? மூன்று நேரமும் சோறு நிச்சயம் என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க நான் தயார். நான் சும்மா சொல்லவில்லை, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பாலையூற்று ரீச்சர்:

தம்பி, நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை, நான் மறுக்கவில்லை. உங்கள் கஷ்டமும் விளங்குகிறது. ஆனால் அதே கிழக்கு ஜெர்மனியில் ஏறக்குறைய ஒரு கோடி அறுபது லட்சம் சனத்தைக் கண்காணிக்க ஸ்டாசி என்ற உளவுப் பிரிவில் 1989 இல் 91,000 பேர் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள், அதற்கு மேல் இன்னும் ஒன்றரை லட்சத்துக்கும் கூடுதலானவர்கள் களவாகத் தகவல் கொடுத்தார்கள், அக்கம்பக்கத்தார், வேலை இடத்துக் கூட்டாளிகள், பாதிரியார் கூட. சேர்த்து வைத்த கோப்புகளை அடுக்கினால் 111 கிலோமீற்றர், இங்கிருந்து அநுராதபுரம் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1992 தொடக்கத்தில் அவரவர் கோப்பை அவரவர் வாசிக்க விட்டார்கள். வேரா வொலன்பெர்கர் என்ற எம்.பி. ஒருவர் தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்தது யார் என்று தேடினார். சொந்தப் புருஷன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

பெயர் வேண்டாம்:

ரீச்சர் எழுதியதை வாசித்தவுடன் எனக்குத் "தலையாட்டி" ஞாபகம் வந்துவிட்டது. இளம் ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். யுத்த காலத்தில் ரவுண்டப் என்று சொல்லி ஆமிக்காரர் ஊர் ஆண்களை எல்லாம் மைதானத்தில் இருத்துவார்கள். வாகனத்துக்குள் ஒருவன் இருப்பான், தலையில் சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராய் முன்னால் நடந்து போக வேண்டும். சாக்கு ஆடினால் அந்த ஆளை ஏற்றிவிடுவார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. என் முறை வந்தபோது அந்தக் கண் இரண்டும் என்னைப் பார்த்தன, தெரிந்த கண் என்று எனக்குப் பட்டது. தலை ஆடவில்லை, வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ காலம் சந்தையில், பஸ்ஸில், கோயிலில் ஆட்களின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு திரிந்தேன், யாரோடும் மனம்விட்டுக் கதைக்கவில்லை. அது ஒரு நாள் நடந்தது. கிழக்கு ஜெர்மனிச் சனத்துக்குச் சாக்குப் போடாமலே நாற்பது வருஷம் நடந்திருக்கிறது. நிலாவெளி அண்ணை, ஒருநாள் என் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடியுங்கள், சொல்கிறேன்.

மூதூர்ப் பொடியன், இப்போது கொரியாவில்:

அக்கா, நான் அன்சானில் ஒரு பிளாஸ்டிக் கம்பனியில் வேலை. எங்கள் கன்ரீனில் சமைக்கிற அம்மா வட கொரியாவிலிருந்து தப்பி வந்தவர், ஹம்ஹுங் பக்கம். சட்டியில் ஒட்டிய சோற்றுக் காந்தலைத் தண்ணீர் ஊற்றிச் சுரண்டி எடுத்துக் குடிப்பார், ஒரு பருக்கை கீழே போக விடமாட்டார். இங்கே நிறைய வயதானவர்கள் அப்படிக் குடிக்கிறவர்கள்தான், ஆனால் அவர் குடிக்கும்போது கையால் கிண்ணத்தை மறைத்துக்கொள்வார், யாரும் பறித்துவிடுவார்கள் போல. எனக்குக் கொரிய மொழி ஓரளவு வரும், அதனால் ஓய்வு நேரத்தில் கதைப்பார்.

அங்கே இருபது முப்பது வீட்டுக்கு ஒரு குழு, அதற்கு ஒரு தலைவி. யார் வீட்டுக்கு யார் வந்தார், எந்த வீட்டில் திடீரென்று நல்ல சாப்பாட்டு வாசம் வருகிறது, எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். வெளியூர்ச் சொந்தக்காரர் ஒரு இரவு தங்குவதென்றாலும் பதிய வேண்டும், நடுச்சாமத்தில் கதவைத் தட்டிச் சோதிப்பார்கள். றேடியோவை அரசாங்க நிலையம் மட்டும் எடுக்கிற மாதிரி மூடி முத்திரை வைத்திருப்பார்கள். கிழமைக்கு ஒருக்கால் கூட்டம், அதில் எழும்பி நின்று தான் செய்த பிழை ஒன்றும், பக்கத்தில் இருப்பவர் செய்த பிழை ஒன்றும் சொல்ல வேண்டும். இந்த அம்மாவும் கூட்டாளியும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்வார்களாம், "இந்தக் கிழமை நான் உன்னைப் பிந்தி வந்தாய் என்று சொல்கிறேன், நீ என்னைப் படத்துத் தூசு ஒழுங்காகத் துடைக்கவில்லை என்று சொல்லு." படம் என்று அவர் சொன்னது சுவரில் மாட்டியிருக்கிற தலைவர்களின் படம், அதற்கென்று தனித் துணி வீட்டில் இருக்கும்.

பிறகு காலத்தில் தென் கொரிய நாடகங்கள் கசெட்டில் களவாக வந்தன. பிடிக்க வருகிறவர்கள் முதலில் கட்டடத்தின் கரண்டை நிறுத்துவார்களாம், கசெட் மெஷினுக்குள் சிக்கிக்கொள்ளும், எடுக்க முடியாது. பிறகு வீடு வீடாக வருவார்கள். நமக்குக் கரண்ட் போனால் மெழுகுதிரி தேடுவோம், அவருக்கு இப்போதும் லைட் அணைந்தால் நெஞ்சு அடைக்கும்.

நிலாவெளி அண்ணாவுக்கு ஒன்று. மூன்று நேரச் சோறு என்றீர்கள். அங்கேயும் அரசாங்கம் பங்கீடு கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, 1990களின் நடுவில் அது நின்றுவிட்டது. காத்திருங்கள், வரும் என்றார்கள். அந்த அம்மாவின் புருஷன் பள்ளிக்கூட மாஸ்டர், சொன்னதைக் கேட்கிற ஆள், சந்தையில் விற்பது குற்றம் என்று மனைவியையும் விடவில்லை. பைன் மரப் பட்டையை இடித்து மாவில் கலந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அவர் அந்தப் பனிக்காலம் தாண்டவில்லை. "வாயை மூடிக்கொண்டு காத்திருந்தவர்கள்தான் முதலில் போனார்கள்" என்று அந்த அம்மா சொன்னபோது அழவில்லை, வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னார். புருஷன் போன பிறகுதான் இவர் களவாகச் சோள அப்பம் சுட்டு விற்கத் தொடங்கி, பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறார்.

நிலாவெளிக்காரன்:

தம்பி, வாசித்தேன். எனக்கு வேலை பற்றிய கோபம் அப்படியேதான் இருக்கிறது, அது போகாது. ஆனால் வாயை மூடுவேன் என்று எழுதியதைத் திரும்ப எடுக்கிறேன். போன வருஷம் பிள்ளைகளின் பள்ளிக்கூட மலசலகூடம் பற்றி நாங்கள் பத்துப் பேர் போய்ச் சத்தம் போட்டதால்தான் அது கட்டுப்பட்டது. அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

உவர்மலை அம்மா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று மாலை மகனைக் கூட்டிக்கொண்டு டச்சுக்குடாக் கடற்கரைக்குப் போனேன், வீட்டுக்குள் சொன்னால் பாடம் எடுக்கிற மாதிரி இருக்கும் என்று. ஃபோனில் உங்கள் பதில்களை நானே வாசித்துக் காட்டினேன். கடன் கதையை விறைத்த முகத்தோடு கேட்டான், "அப்ப கடன் கட்டினவர்தானே" என்று ஒரு இடத்தில் வாதாடினான். கென்ட் சிகரெட் கதைக்குச் சிரித்தான். வட கொரிய அம்மாவின் கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு 2022 ஐப் பற்றி அவனே தொடங்கினான். பெற்றோல் வரிசையில் இரண்டாம் நாள் அவனுடைய அப்பா பொறுமை இழந்து, ஓட்டோவின் மேல் ஏறி நின்று ஜனாதிபதியின் பெயரைச் சொல்லிக் கத்தியதும், அந்த வரிசையே சேர்ந்து ஹோர்ன் அடித்ததும் அவனுக்கு நல்ல ஞாபகம். சாப்பாடு கொண்டுபோன இடத்தில் பார்த்திருக்கிறான், எனக்கு இவ்வளவு நாளும் சொல்லவில்லை. "அங்க எண்டா அப்பா என்னவாகியிருப்பார் அம்மா?" என்று கேட்டான். ஜூலையில் அந்த ஜனாதிபதி நாட்டை விட்டே போய்ப் பதவியையும் விட்டுவிட்டார், அப்பா அடுத்த நாளும் ஓட்டோ ஓடினார் என்றேன். மனம் மாறிவிட்டானா என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. பெடியன்கள் அம்மாவிடம் தோற்றுப்போனதாகச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில் கோட்டைவாசல் மான்களுக்குப் பக்கத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டான், கப்பல்கார ஐயாவிடம் கேட்கச் சொன்னான். அந்தக் கிளார்க்குக்குப் பிறகு என்ன நடந்தது? வாயைப் பொத்தியவருக்கு.

பழைய கப்பல்காரன்:

மகனுக்குச் சொல்லுங்கள் தங்கச்சி, நானும் அதைத் தேடியிருக்கிறேன். புறப்படுகிற அன்று இரண்டு பக்கெட் கென்டும் ஒரு டின் கோப்பியும் எஞ்சின் றூம் ஏணிக்குக் கீழே, அவர் நிற்கிற இடத்தில் வைத்தேன், கையில் கொடுக்கவில்லை. சாமத்தில் பார்த்தேன், வைத்த சாமான் இல்லை, எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். 1991 இல் வேறு கப்பலில் திரும்ப கொன்ஸ்தான்சா போனேன். துறைமுக வாசலில் எல்லாரும் சத்தமாகக் கதைத்துக்கொண்டு நின்றார்கள், அதைக் கேட்டே எனக்கு ஆச்சரியம். பழைய கிளார்க்மார் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தேன், இடது கையில் இரண்டு விரல் இல்லாதவர் என்று கையை மடக்கிக் காட்டினேன். பெயர் என்ன என்று கேட்டார்கள். பெயர் எனக்குத் தெரியாது. பதினொரு நாளில் ஒருநாள் கூட நான் கேட்கவில்லை, அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. தெரிந்திருந்தால் இரண்டு பேரில் யாராவது ஒருவர் எங்காவது அதைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.